கண்ணன் மீசை கேட்ட நாடகம்

மேடையில் முதல் செருப்பு விழுந்தபோது நான் தட்டிக்குப் பின்னால் மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் கூட்டேரிப்பட்டில் நடந்த சாயங்கால நாடகம் அது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நாடகங்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில்.

கண்ணன் பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட். ராஜவேலு கதாநாயகனாக வரும் ராஜபார்ட். ஊர் ஊராகப் புருஷன் பெண்டாட்டியாக நடித்தவர்கள். விழுப்புரத்தில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அவர்கள் நிஜத்திலும் ஜோடி என்பது எங்கள் செட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கண்ணன் புடவையில் வந்து, "உன்ன வுட்டுட்டு நான் எங்கய்யா போவேன்?" என்றால் ஜனம் விசில் அடிக்கும். மேடையேறிப் புடவையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடும்.

அன்றைய நாடகத்தைக் கண்ணனே எழுதியிருந்தான். ரைஸ்மில்லில் வேலை செய்யும் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்கிற கதை.

"எனக்கு மீச ஒட்டுண்ணா," என்றான், நாடகத்துக்கு முன் என்னிடம் மேக்கப்புக்கு உட்கார்ந்தபோது.

"இன்னாடா புதுசா?"

"நான் ஆம்பளதாண்ணா. பொடவ கட்டினாதான் அவரு பக்கத்துல நிக்க வுடறாங்கன்னு கட்டிக்கினு இருந்தேன். ஒரு தபா நானா நிக்கறேன்."

வேட்டி சட்டையோடு ராஜவேலுவின் கையைப் பிடித்து அதே வசனத்தைச் சொன்னான். முதலில் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் திரும்பவும் சொன்னான். அப்புறம்தான் செருப்பு வந்தது.

திரையை இறக்கிவிட்டார்கள். காண்ட்ராக்ட் பிடித்த ஏஜெண்ட் உள்ளே ஓடிவந்தார்.

"இன்னாடா கண்றாவி இது? மீசய பிச்சிட்டு ஜல்தியா பொடவய கட்டு. இல்லன்னா இனிமே ரெண்டு பேருக்கும் மேடை கெடயாது!"

கண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ராஜவேலுவைப் பார்த்தான்.

"கட்டிக்க கண்ணா," என்றார் ராஜவேலு, தரையைப் பார்த்துக்கொண்டு. "பொழப்பு பேஜாராயிடும்."

கண்ணன் மீசையைப் பிய்த்தான். மேலுதட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதன்மேல் பவுடர் போட்டேன். புடவையில் போய் அதே வசனத்தைச் சொன்னான். விசில் பறந்தது. நோட்டுக் குத்தினார்கள்.

நாடகம் முடிந்ததும் தன் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினான். ராஜவேலு கூப்பிட்டார், திரும்பவில்லை. அதன்பிறகு எந்தச் செட்டிலும் அவனை நான் பார்க்கவில்லை. ராஜவேலுவுக்கு வேறு ஸ்திரீபார்ட் கிடைத்தான். ஏஜெண்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜனம் எறிகிற செருப்பைத் தாங்கிக்கொள்ளலாம், எறிந்தவன் யாரோ. கூட நிற்கிறவனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.