சமாதி வாசலில் கழற்றிய பூட்ஸ்

எங்கள் மகன் ஆஸ்திரியா தேசத்தில், இன்ஸ்ப்ரக் என்ற மலை நகரத்தில் வேலையில் இருக்கிறான். போன தை மாதம் புதுச்சத்திரத்திலிருந்து நானும் வீட்டுக்காரரும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். ஊரெங்கும் பனி. அரண்மனை மாடத்தின் தங்கக் கூரையைப் பார்த்ததும் இவர் சிதம்பரத்தை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஒரு சர்ச்சுக்குப் போனோம். உள்ளே சக்கரவர்த்தியின் சமாதி. சுற்றிலும் கறுத்த வெண்கலச் சிலைகள் அறுபத்து மூவர் போல வரிசையாக நின்றன. இவர் வாசற்படியிலேயே பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டார்.

"அப்பா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க. கால் வெறச்சுப் போயிரும்" என்றான் மகன்.

"சாமி இருக்கற எடத்துல பூட்ஸோட நொழையச் சொல்றியா? போடா!"

நான் தரையைத் தொட்டேன். விரல் சுரீரென்றது. "ஏனுங்க, குளுரலீங்களா?"

"துளிகூடத் தெரியல புள்ள."

சாமிதான் காப்பாற்றுகிறது என்று சும்மா இருந்துவிட்டேன். சர்க்கரை வியாதியில் அவர் பாதம் மரத்துப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது வெளியே பெய்த பனி பூட்ஸுக்குள் நிறைந்திருந்தது. தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை சுற்றினார்.

சில நாளில் அவர் கால்விரல்கள் கறுத்தன. ஒரு விரலை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சமாதியில் யாரும் இல்லை, சக்கரவர்த்தியை வேறு ஊரில் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று மகன் அப்புறம் சொன்னான். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது தினமும் விளக்கேற்றுவதற்கு முன் அவர் பாதத்தை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்க்கிறேன். கோயில் பிரகாரத்தில் நான்தான் முன்னால் நடக்கிறேன். "கல்லு சுடுதுங்க, நில்லுங்க" என்றால் நின்றுவிடுகிறார்.