ஒப்பிட எடுத்த தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்காக ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி, தோளில் பாட்டில் பை. எந்தக் கிணற்றில் எடுக்கிறோமோ அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதில் நான் மகா கறார். கல்லூரியில் வேதியியலோடு சூழலியல் என்று நெட்டுரு போட்டதில் வாழிடம், உணவுச் சங்கிலி எல்லாம் தேர்வோடு போய்விட்டன. சோறு போட்டது ஒரே சொல்: ஒப்பீட்டு மாதிரி. சந்தேகப்படும் கிணற்றில் ஒரு பாட்டில், மாசு எட்டாத ஊரில் ஒரு பாட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கெடுத்தது யார் என்று சொல்ல முடியும்.

தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் ஒரு அக்கா, மனு மேல் மனு போட்டு எங்களை வரவழைத்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடத்தில் மஞ்சளாகப் படிந்தது. குடிக்க இரண்டு தெரு தள்ளிப் போய்த் தூக்கி வந்தார், மூட்டு வலியோடு.

"ஃபேக்டரியாலதான் கெட்டுச்சின்னு எழுதிக் குடுத்தா எங்க தெருவுக்குக் கொழா போடுவாங்களாம். பாத்து எழுது கண்ணு."

"நான் எங்கக்கா எழுதறேன்? மெஷினு சொல்றதுதான்" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஒப்பிடும் தண்ணீரை எங்கே எடுப்பது? "ஃபேக்டரி காத்தே படாத ஊரா பாத்து எடும்மா. அந்த ஊரு தண்ணியோட பழைய ரிப்போர்ட்ட ஒரு தடவ பாத்துக்கோ" என்றார் கூடத்து மேலாளர். நான் பார்க்கவில்லை. மத்தியான வெயில், பசி. சுற்றிலும் நெல் வயலாக இருக்கும் எங்கள் ஊருக்கே வண்டியை விட்டேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு எங்கள் கிணற்றிலேயே பிடித்து, படிவத்தில் 'மாசு எட்டாத இடம்' என்று எழுதினேன். எங்கள் தண்ணீரைக் குறை சொன்னால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அவ்வளவு பெருமை.

முடிவு வந்தது. இரண்டிலும் ஈயம், குடிக்கவே கூடாத அளவுக்கு, ஏறக்குறைய ஒரே அளவு. எங்கள் கிணற்றுக்கு அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேலாளருக்கு அது யார் வீட்டுக் கிணறு என்றே தெரியாது. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்போ மண்ணோட இயல்பு. ஃபேக்டரி பாதிப்பு இல்லன்னு முடிச்சிடு" என்றார்.

சார், அது சரிபார்க்காத கிணறு, வேறு ஊரில் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சீ, என்ன பிழைப்பு!

அன்று மாலையே புதுவாயலில் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கிணற்றுத் தண்ணீரை இனி வாயில் வைக்காதே என்றேன்.

"இன்னாடி புதுசா? இத்தினி நாளா குட்ச்சிக்கினுதானே இருந்தோம்?" என்றாள் அம்மா. கேனைத் திறந்தேன்.

அடுத்த வாரம் வேறொரு மாதிரி எடுப்பதற்காக அந்தப் பின்தெரு வழியாகப் போகவேண்டி வந்தது. அக்கா தன் கிணற்றடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

"பாதிப்பு இல்லன்னு எழுதியிருக்குன்னு பஞ்சாயத்துல சொன்னாங்கம்மா. கொழா வராட்டிப் போவுது. இந்தக் காலை வெச்சிக்கினு நடக்கற பேஜாரு வுட்டுச்சே. குடிக்கலாந்தானே?"

கூடாது என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பார். கேட்டால் என் கிணறு, என் கையெழுத்து எல்லாம் வெளியே வரும்.

"கொதிக்க வெச்சிக் குடிங்கக்கா" என்றேன்.

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. வேதியியல் படித்தவள் நான்.

"அவ்ளோதானே கண்ணு? வெச்சிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வாளியை உள்ளே விட்டார்.