ஜெராக்ஸ் மாஸ்டரும் படம் இல்லாத கேக்கும்

எங்கள் பேக்கரியில் கேக் மாஸ்டருக்கு ஜெராக்ஸ் மாஸ்டர் என்றுதான் பெயர். போனில் ஒரு படத்தைக் காட்டினால் போதும், ரோஜா இதழின் கிழிசல் முதற்கொண்டு அப்படியே கேக்கில் கொண்டுவந்துவிடுவார். ஒருமுறை, படத்திலிருந்த கேக்கின் ஓரத்தில் யாரோ விரலால் வழித்துத் தின்ற பள்ளம் இருந்திருக்கிறது. அதையும் விடாமல் போட்டுவிட்டார். வாங்க வந்தவர், கூட வந்த மகன்தான் கை வைத்துவிட்டான் என்று அங்கேயே காதைத் திருகிவிட்டார்.

எனக்கு அங்கே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. மேசை துடைப்பதும் நான்தான்.

ஒருநாள் காலையில் ஒரு நர்ஸம்மா வந்தார். மறுநாளோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாராம், தனக்குத் தானே கேக் வாங்கிக்கொள்ள ஆசையாம். படம் எங்கே என்று மாஸ்டர் கேட்டார். படமெல்லாம் இல்லை, உங்களுக்குத் தோன்றியதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். எனக்கு ஒன்றும் தோன்றாதே என்று முதலாளியம்மாவிடம் போய் நின்றார். அந்தம்மாவுக்கு நாக்கில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும்.

"பத்தொன்பது வருஷமா கேக் போடுறீங்க, உங்களுதுன்னு ஒண்ணுகூட இல்லையா? முடியலைன்னா சொல்லுங்க, அடுத்த தெரு கடைக்கு அனுப்பிடுறேன்."

அந்தச் சொல் அவரை எங்கோ தைத்துவிட்டது. மதியம் வரை வெள்ளைக் கேக்கை முறைத்துக்கொண்டே இருந்தார். ரோஜா போட்டார், அது போன வாரத்துப் படம் என்று வழித்தார். வாத்து போட்டார், அதையும் வழித்தார். "அவங்க சொன்னது சரிதான் போல. உள்ள ஒண்ணுமே இல்ல," என்று தனக்குத்தானே சொன்னார்.

ஆறு வருஷத்தில் நானாக அவரிடம் பேசியது அன்றுதான். "மாஸ்டர், மேசை மூலையில போடுவீங்களே, அதைப் போடலாமே."

எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கேக்குக்கும் முன்னால், கோனிலிருந்து கிரீம் ஒழுங்காக வருகிறதா என்று மேசையில் கொஞ்சம் பிழிந்து பார்ப்பார். அப்போது கண் போன் படத்தில்தான் இருக்கும். கை அதன் பாட்டுக்கு ஏதாவது போடும். நேற்று குடை பிடித்த ஒரு கூன் முதுகு. அதற்கு முந்தின நாள் கால் முளைத்த வீடு. போட்டது மறுபடி வந்ததே இல்லை. துடைப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். இதையெல்லாம் சொன்னதும், "நானா?" என்று கேட்டுத் தன் கையையே பார்த்தார்.

உடனே மூலையில் கோனை வைத்தார். வேண்டுமென்று போட்டபோது ஒன்றும் வரவில்லை. வெறும் புழு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஏதாவது பேசும்மா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார்.

பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். எங்கள் குடியிருப்பின் லிப்ட் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மூன்றாம் மாடிக்கு மட்டும் போவதையும், அதனால் என் மாமியார் நாலாம் மாடிக்காரியோடு போட்ட சண்டையையும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கேக்கின் விளிம்பில் கை ஓடியது. நான் பேச்சை நிறுத்தவே இல்லை.

மறுநாள் நர்ஸம்மா கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளிம்பு முழுக்க கிரீம் உருவங்களின் ஊர்வலம். இரண்டு மூக்குள்ள ஒன்று, தலையில் ஜன்னல் வைத்த ஒன்று, போகமாட்டேன் என்று திரும்பி நின்ற ஒன்று. இது என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்று மாஸ்டர் உண்மையைச் சொன்னார். திரும்பி நின்றதைக் காட்டி, இது நான்தான் என்று சிரித்துக்கொண்டே அவர் வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஒரு பெண் போனை நீட்டினாள். அந்தக் கேக்கின் படம். இதே மாதிரி வேண்டுமாம்.

மாஸ்டர் படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். உலகத்துக் கேக்கையெல்லாம் நகல் எடுத்த மனிதர், மூன்று தரம் போட்டு மூன்று தரமும் வழித்தார். பிறகு வெளியே வந்தார்.

"அதே மாதிரி வராதும்மா. வேற ஒண்ணு வரும். பரவாயில்லையா?"

"வேறன்னா எப்படி இருக்கும்?"

"எனக்கும் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்," என்றார்.