யோருன் யாரிடமும் சொல்லாத நான்கு மாதம்

நார்வேயின் மோலோய் துறைமுகத்து மீன் ஆலையில் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் யோருன். ஐம்பத்திரண்டு வயது. தம்பி ஸ்டைனாருக்கு நாற்பத்துமூன்று. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். பெற்றோர் போனபின் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஸ்டைனார் நகராட்சி சலவைக்கூடத்தில் இருபது வருடமாகத் துண்டு மடிக்கிறான். வாயாடி. ஊர் அணி தோற்றால் கோல்கீப்பரைத் தெருவில் நிறுத்தித் திட்டுவான்.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் பேச்சு குறைந்தது. சாப்பிடும்போதே தூங்கினான். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வராததால் யோருன் தேடிப்போனாள்; படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"தெரியலக்கா. வீடு எந்தப் பக்கம்?"

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் மறதி நோய் வரக்கூடும் என்று யோருன் எங்கோ படித்திருந்தாள். அதுதான் இது என்று முடிவு கட்டிவிட்டாள். வெளியே சொன்னால் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்வார்கள் என்று பயம். டாக்டரிடமும் போகவில்லை. தினமும் காலையில் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று அவனைக் கேட்பாள். அவன் தப்பாகச் சொல்வான்.

ஜனவரியில் காட் மீனை அறுக்கும்போது கத்தி அவள் விரலில் இறங்கியது. நான் கட்டுப் போடும்போது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் இருக்கும் ஓஸேயை எனக்குத் தெரியும். அவள் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். ஞாயிற்றுக்கிழமை அவளை யோருன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"எத்தனை மாசமா?" என்றாள் ஓஸே.

"நாலு."

"நாலு மாசமா டாக்டர்கிட்ட காட்டாம நீயே தீர்ப்பு எழுதிட்டியா?"

"டாக்டரும் மறதி நோய்னுதான் சொல்லுவாரு. அப்புறம் நான் என்ன பண்றது?"

"அப்புறம் நாங்க இருக்கோம். முதல்ல ரத்தத்தைப் பாரு. என் பொண்ணும் இப்படித்தான் தூங்கி வழிஞ்சா, எல்லாத்தையும் மறந்தா. கடைசியில தைராய்டு. இவங்களுக்கு அது நிறைய வரும்மா, வருஷா வருஷம் பாக்கணும். யாரும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார்கள். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். பிறகு விட்டுப்போயிற்று.

ஓஸேயும் டாக்டரிடம் கூடப் போனாள். ரத்தத்தில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது.

"மறதி நோய் இல்லவே இல்லைன்னு இப்ப சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் மாத்திரை குடுத்துப் பாப்போம்."

அந்த இரண்டு மாதமும் யோருனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மார்ச்சில் ஒரு காலை, வழக்கமான கேள்விக்கு ஸ்டைனார் கரண்டியைக் கீழே போட்டான்.

"செவ்வாய்! தினமும் இதையே ஏன் கேக்கறே? உனக்கு ஞாபகமே இருக்காதாக்கா?"

ஆலைக்கு வந்து இதைச் சொல்லி அழுதாள். அன்றைக்கே சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாங்களும் கவனிச்சோம். உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல," என்றார் அவர். வேலையிலிருந்து யாரும் அவனை நிறுத்தவில்லை.

பயம் முழுதாகப் போகவில்லை. அந்த நோய் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்; அது அவளுக்குத் தெரியும். ஸ்டைனார் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் இன்னமும் பதறிவிடுவாள். ஆனால் இப்போது உடனே ஓஸேக்குப் போன் போட்டுவிடுகிறாள். சங்கக் கூட்டத்துக்கு மாதம் தவறாமல் போகிறாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு.