ஐசில் போன இரத்தம்

என் கணவரின் குடும்பம் குருநகரில் மூன்று தலைமுறையாக மீன் வியாபாரம் செய்கிறது. அந்த வீட்டில் 'பழுதாகாமல்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஐஸ். தெரிந்திருந்தும் அந்தச் சொல்லை நான் சொன்னேனே என்று நினைத்தால், இன்றைக்கும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று பிள்ளைகள் என் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவதும் போன பிறகு, இரண்டு பேரின் நிறமூர்த்தங்களையும், அதாவது குரோமோசோம்களையும், பார்த்துவிடுவோம் என்றார் டொக்டர். பெற்றோரில் ஒருவருக்கு நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் தெரியாது. பிள்ளைக்குப் பங்கு பிரியும்போதுதான் கூடிக் குறைந்து எல்லாம் பிழையாகும். அப்படி ஏதும் இருந்தால் இனி வேண்டாம், இல்லாவிட்டால் இன்னொரு தரம் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

சோதனை கொழும்பில். கணவரின் தம்பி வாராவாரம் வான் வண்டியில் இறால் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறவர். காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்த கையோடு, பச்சை மூடி போட்ட இரண்டு குழாய்களையும் அவரிடம் நீட்டி, "தம்பி, பழுதாகாமல் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றேன். குளிரில் வைக்கக் கூடாது என்று தாதி என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைப்பது, படிப்பிக்கிறவர்களுக்கு வரும் வியாதி.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். "அண்ணி, குடுத்தாச்சு. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. வழியிலை, புத்தளத்திலை ஒருக்கா ஐசும் மாத்தினனான்."

"என்னத்துக்கு ஐஸ்?"

"பழுதாகாமல் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? றால் பெட்டிக்கை, நல்லா நடுவிலை தாட்டு வைச்சனான்."

பத்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கலப்பிரிவு, அதாவது செல் பிரிகிற பாடம், படிப்பிக்கிறேன். இரத்தத்தில் உள்ள வெள்ளைக் கலங்கள் தம்பாட்டில் இருக்கும்போது நிறமூர்த்தங்கள் சிக்கிய நூல் போலக் கிடக்கும், எண்ண முடியாது. இளஞ்சூட்டில் சில நாள் வைத்து, ஊட்டம் கொடுத்து, அவற்றைப் பிரியத் தூண்டுவார்கள். நிறமூர்த்தங்கள் தடித்துக் குறுகி நடுவில் வரிசைக்கு வருகிற, அனுவவத்தை என்ற கட்டத்தில் மருந்து விட்டு அப்படியே நிறுத்துவார்கள். அப்போதுதான் எண்ணலாம். ஆனால் உயிரோடு இருக்கிற கலம்தானே பிரியும்? எங்களுடையவை புத்தளம் தாண்டமுன்னரே விறைத்துச் செத்திருக்கும். இதை நான் போனிலேயே அவருக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப முதலே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றார்.

ஒரு கிழமை கழித்துக் கொழும்பில் சோதனை செய்கிற இடத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "மிஸ், செல் ஒண்ணும் டிவைட் ஆகல்ல. திரும்ப பிளட் அனுப்புங்க."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமி, கணவரின் தாய், தன் பங்குக்கு வாயைத் திறந்தார்.

"குளிராப் போனது நல்லதுதானே பிள்ளை? உமக்குச் சூட்டு உடம்பு. அதாலைதானே எல்லாம் கரையுது."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதென்பது இதுதான். என் உடம்புச் சூட்டைப் பற்றி இந்தத் தெருவில் பேசாத ஆள் இல்லை. இளநீர், வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம். கணவரின் சூட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

இரண்டாம் முறை கணவரே லீவு போட்டுவிட்டுக் குழாய்களைக் கொண்டுபோனார். எத்தனையோ நாள் காத்திருந்து, கடைசியில் தாள் வந்தது. அவருக்கு நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள், எனக்கும் நாற்பத்தாறு. ஒரு துண்டும் இடம் மாறவில்லை. பிழை ஒன்றும் இல்லையாம். பிழை இல்லாமல் மூன்று பிள்ளைகள் ஏன் போயின என்று அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. அதைச் சுருட்டி எறிய வேண்டும் போலவும் இருந்தது, சட்டம் போட்டு மாட்ட வேண்டும் போலவும் இருந்தது.

கணவர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"என்னப்பா, நல்ல செய்திக்கு ஆரும் இப்பிடி முகத்தைத் தொங்கப்போடுவினமே?"

"பிழை என்னிலை எண்டு வரும் எண்டு நினைச்சனான்," என்றார். "வர வேணுமெண்டு அந்தோனியாருக்கு நேத்திக்கடனும் வைச்சனான். வந்திருந்தா அம்மா உம்மை ஒண்டும் சொல்லமாட்டா."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார்.

கணவர் வாயெடுக்கமுதல் நான் சொன்னேன்: "ரெண்டு பேருக்கும் ஒரு பிழையும் இல்லையாம் மாமி. பிள்ளைக்கு இன்னொருக்காப் பாக்கப்போறம்."