ஃபார்மில் இல்லாத கேள்வி

கடத்திக்கொண்டு போய் விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்காக வேங்கிக்காலில் ஒரு விடுதி இருந்தது. அதன் வார்டன் அம்மா, ஒரு பெண்ணை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காக எங்கள் பள்ளிக்கு மூன்று முறை அலைந்தார். வெயிலில் கறுத்த முகம், ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. அந்தப் பெண்ணை அலுவலகத்துக்குள் அழைத்து வரவே மாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, என்னிடம் பேசும்போதும் ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அங்கே கிளார்க். மூன்று முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

"நடுவுல ஒரு வருஷம் ஏம்மா படிக்கல?"

முதல் இரண்டு முறை, "உடம்பு சரியில்லீங்க" என்றார். சரியான காரணம் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை கையை நீட்டினார்.

"அந்த ஃபார்மக் குடுங்க சார். நீங்க கேக்கறது இதுல எங்க இருக்குனு காட்டுங்க."

இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"போலீஸ்ல சொல்லிட்டா, டாக்டர்கிட்ட சொல்லிட்டா, கோர்ட்லயும் சொல்லிட்டா. இங்கயாவது அவளப் பாடம் கேளுங்க சார்."

எரிச்சலோடு சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அவ எங்கேர்ந்து வரான்னு இங்க யாருக்கும் தெரிய வேணாம் சார்."

தலையாட்டினேன். அவர் முதல் முறை வந்தபோது கொடுத்த விடுதிக் கடிதத்தை அன்றே ஆசிரியர்கள் அறைக்கு எடுத்துப்போய்க் காட்டியிருந்தவன் நான்தான்.