நார்த்மீட் ஏலத்தில் நான் கேட்ட வரம்

வாடகை வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்த அன்று நான் நன்றாக அழுதேன். வீடு போகிறதே என்று மட்டும் அழவில்லை. கீழ் வீட்டுச் சுகந்திக்கு அப்படியொரு கடிதம் வரவில்லையே என்றும்தான். முருகன் அடியார்கள் முன்னால் எதற்கு மறைக்க?

சுகந்தியும் நாங்களும் இந்த வெளிநாட்டில், மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் ஒரே பிளாட் கட்டடம். என்னை அக்கா என்பாள். ஒரே வருடம் நாட்டை விட்டு இங்கே வந்து, ஒரே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நிரந்தர வேலை அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது. காரும் அப்படியே. அவளுடைய மகள் சோதனை பாஸ் பண்ணி கெட்டிக்காரரை மட்டும் எடுக்கும் செலக்டிவ் பள்ளிக்கூடத்துக்கு எடுபட்டாள், என் மகன் எடுபடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கேக் வாங்கிக்கொண்டு கீழே போய்ச் சிரித்துவிட்டு, மேலே வந்து சட்டி பானையைப் போட்டு அடிப்பேன். அவ்வளவு வயிற்றெரிச்சல்.

முருகா, வீடென்றாலும் எனக்கு முதலில் தா என்று வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தேன். பக்கத்து ஊர் நார்த்மீட்டில் மூன்று அறை வீடு ஒன்று ஏலத்துக்கு வந்தது. எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, காரியம் சரிவரும்வரை வாய் திறக்கமாட்டோம், கண்ணூறு பட்டுவிடும். வீட்டைப் பார்க்கப் போன அன்று கோயிலுக்குப் போவதாகச் சுகந்தியிடம் பொய் சொன்னேன். அவள் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏலம். வீட்டு முன் புல்லில் போய் நின்றால், எதிரே சுகந்தியும் கணவரும். அவர் கையிலும் ஏலம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும் இலக்க அட்டை. என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்த்து நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அவளுடைய கணவர் அட்டையை உயர்த்த உயர்த்த, நான் என் கணவரின் கையைப் பிடித்து உயர்த்தினேன். வங்கி சொன்ன எல்லைக்கு வந்துவிட்டோம், இனி முடியாது என்று அவர் என் காதுக்குள் சொன்னார். கண்ணை மூடினேன். முருகா, எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு மட்டும் கிடைக்கக் கூடாது. பிள்ளையாணை, அப்படித்தான் கும்பிட்டேன்.

அதுவரை பேசாமல் ஓரமாக நின்ற ஒரு தம்பதி கையை உயர்த்தினார்கள். சுகந்தியின் கணவர் அட்டையைக் கீழே போட்டார். வீடு அந்தத் தம்பதிக்குப் போனது.

எனக்கு வந்தது சந்தோசம். காருக்குள் என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கேட்டு வாங்கியது என்னவென்று விளங்கியது. பிளாட்டை விட்டுப் போக ஐந்து கிழமைதான் இருந்தது.

அதற்குப் பிறகு விளக்கேற்றுவேன், முருகன் முகத்தைப் பார்க்கக் கூசும். மூன்றாம் நாள் பார்த்தேன். அப்பனே, வீடு பிறகு, முதலில் இந்த எரிச்சலை எடு என்று விழுந்து அழுதேன். எழும்பின கையோடு கீழே இறங்கிப் போனேன். சுகந்தி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதிரையில் இருக்காமலே சொன்னேன்.

“அண்டைக்கு உமக்கு அந்த வீடு கிடைக்கக் கூடாதெண்டு முருகனைக் கும்பிட்டனான்.”

கத்தியைக் கீழே வைத்தாள்.

“நானும் அதைத்தான் கும்பிட்டனான் அக்கா. உங்களுக்குக் கிடைக்கக் கூடாதெண்டு.”

இருவர் கேட்டதையும் ஒரு குறையில்லாமல் தந்திருக்கிறான்! சிரிப்பு வந்தது, பிறகு இரண்டு பேரும் அழுதோம். எல்லாம் வைத்திருக்கிற உமக்கு என்மேல் என்ன எரிச்சல் என்று கேட்டேன். என் மகன் என்னோடு இருந்து கதைத்துச் சிரிக்கிறான், தன் மகள் கதவைப் பூட்டிவிட்டுத் தாயோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒளிப்பு மறைப்பு இல்லை. மூன்றாம் கிழமை அவள் எனக்குப் போன் எடுத்தாள். தான் பார்க்கப் போன வீடு ஒன்று, ஏலமில்லாமல் நேரே விற்கிறார்கள், எங்கள் வங்கி எல்லைக்குள் வரும் என்றாள்.

“நான் இதுக்கு விலை கேக்கேல்லை அக்கா. எனக்கு அவசரமில்லை. நீங்கள் உடன போங்கோ.”

போனோம். அந்தக் கிழமையே கையெழுத்து வைத்தோம். பத்திரத்தைக் காட்டியதும் பிளாட் சொந்தக்காரர் புது வீட்டுத் திறப்பு கைக்கு வரும்வரை இருக்கவிட்டார். நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ, அவளுடைய கையாலேயே முருகன் எனக்கு வீட்டைத் தந்தான். பால் காய்ச்சிய அன்று நிறைகுடம் வைத்ததும் அவள்தான்.

சுகந்தி இன்னும் வீடு தேடுகிறாள். அவளுக்காக நான் வெள்ளி விரதம் பிடிக்கிறேன். எரிச்சல் முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம் மாடி வீடு ஒன்று பார்த்ததாக அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. உடனே முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்று, அதை அவளுக்கே கொடு முருகா என்றேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னேன்.

வீட்டுக்கோ விசாவுக்கோ அழுதுகொண்டிருக்கிற என் சகோதரங்களே, மனதில் இருப்பதை ஒளிக்காமல் அவனிடம் போய்க் கேளுங்கள். என் கெட்ட வேண்டுதலையே தட்டாமல் கேட்டவன், உங்கள் நல்ல வேண்டுதலைக் கேளாமல் விடுவானா?